வராத சம்பளத்துக்கு ஒரு முறைப்பாடு

எங்கள் வீட்டில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு கிரைண்டர் போடக்கூடாது. அது என் மனைவி போட்ட சட்டம். மீன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் ஹோர்ன் அடித்தால் அறைக்குள் எனக்குக் கேட்டுவிடும் என்று, ஒழுங்கை முனைக்கே போய் மறித்து வாங்குவாள். பக்கத்து வீட்டில் ரேடியோச் சத்தம் கூடினால் மதிலடியில் நின்று, "அவருக்கு லண்டன் கம்பனியோட வேலை நடக்குது அக்கா, கொஞ்சம் குறைச்சு விடுங்கோ" என்பாள். உள்ளே நான் கதவைச் சாத்திக்கொண்டு காசுக்குச் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பேன்.

போக்கர் என்று பெயர். கம்பியூட்டர் திரையில் ஒரே நேரத்தில் நான்கு மேசை. எதிரில் இருப்பவன் எந்த நாட்டுக்காரன் என்றும் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது.

மனைவியிடம் நான் பொய் சொன்னதே இல்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருந்தவன் நான். வெள்ளைக்காரர் வருவது நின்றபோது என் வேலையும் நின்றது. சும்மா இருந்த மாதங்களில் வீடியோ பார்த்துப் பார்த்து இந்த ஆட்டத்தைப் பழகினேன். மெல்ல மெல்ல வெல்லவும் தொடங்கினேன். வென்ற காசு கனடாவில் இருக்கும் கூட்டாளி ஒருவன் வழியாக வங்கிக்கு வரும். முதல் தடவை வந்தபோது, "இது என்ன காசு?" என்று கேட்டாள். "ஒன்லைன் வேலை" என்றேன். அடுத்த வாரம் அவள் தன் தாயுடன் போனில் கதைத்தபோது அது 'ஒன்லைன் கம்பனி' ஆகியிருந்தது. கிளிவெட்டியில் இருக்கும் அவளுடைய ஆட்களிடம் போய்ச் சேர்ந்தபோது லண்டன் கம்பனி ஆகிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. வேலை போன மருமகனுக்கு அந்த வீட்டில் கதிரையைக் காட்டும் விதம் ஒன்று. லண்டன் கம்பனி மருமகனுக்குக் கதிரையைத் துடைத்துப் போடும் விதம் இன்னொன்று. இரண்டையும் அனுபவித்தவன் நான். உண்மையைச் சொல்லி அந்தக் கதிரையைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

ஒன்றரை வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு தோற்கத் தொடங்கினேன்.

இந்த ஆட்டத்தில் எவனும் தோற்பான். பத்து நாள் தொடர்ந்து தோற்பது சாதாரணம், ஒரு மாதம்கூட நடக்கும் என்று படித்திருந்தேன். எனக்கு அது ஐந்து மாதம் நடந்தது.

முதல் மாதம் பெரிய ஞானி மாதிரித்தான் இருந்தேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மேசையில் கொண்டுபோய் வைத்த காசு மூன்று தடவை முழுதாகப் போய்விட்டால் அன்றைக்கு எழும்பிவிட வேண்டும். கோபத்தோடு ஆடக்கூடாது. பசியோடு ஆடக்கூடாது. மனைவி அதைப் பார்த்துவிட்டு, கம்பனியின் சட்டதிட்டம் என்று நினைத்து, தூசு தட்டும்போது கிழிந்துவிடாமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிட்டாள். ஒரு சுற்று ஆட்டத்தைக் 'கை' என்பார்கள்; தோற்ற கைகளை எல்லாம் காலையில் கம்பியூட்டரில் திரும்ப எடுத்து வைத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் ஆடியிருந்தேன். அதுதான் என்னைக் கெடுத்தது. பிழை என்னுடையதாக இருந்திருந்தால் திருத்தியிருப்பேன், அல்லது வெட்கப்பட்டு விட்டிருப்பேன். சரியாக ஆடியும் தோற்கிறவனுக்கு, நாளைக்குத் திரும்பும் என்ற நினைப்பு போகவே போகாது.

இரண்டாம் மாதம் கதிரையை மாற்றினேன். மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினேன். மனதை ஆறவிட வேண்டுமாம் என்று சில பின்னேரங்களில் உட்துறைமுகப் பக்கம் போய், வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு, சீமெந்துக் கப்பலைப் பார்த்தபடி நின்றேன். மனம் ஆறவில்லை, கச்சான்தான் முடிந்தது. கோயிலுக்கும் போனேன். எனக்கு நல்ல சீட்டு விழவேண்டும் என்று சுவாமியிடம் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.

"இந்த மாசம் சம்பளம் பிந்துமாம்" என்று அவளிடம் சொன்னது அந்த மாதக் கடைசியில். அதைச் சொன்ன பிறகு, பொய் சொன்னதே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொள்ள முடியாமல் போய்விட்டது. அவள் கவலைப்படவில்லை. "வரட்டும், என்ர காசு இருக்குத்தானே" என்றாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அவளுக்குக் கிடைப்பது மரக்கறிக்கும் கரண்டுக்கும் காணும், அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் நான் எரிந்து விழுகிற மனிதனாகிவிட்டேன். ஒருநாள் குசினியில் சட்டி மூடி ஒன்று கை தவறி விழுந்தது. திரையில் அப்போதுதான் பெரிய கை ஒன்று போயிருந்தது. கதவைத் திறந்து, வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "தெரியாமல் விழுந்திட்டுதப்பா, இனிக் கவனமா இருக்கிறன்" என்றாள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து அழுதேன். அழுதுகொண்டே அடுத்த மேசையில் போய் இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் மாதம் அவளுடைய அண்ணன் கிளிவெட்டியிலிருந்து ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். புது அரிசி, சும்மா கொண்டுவந்தேன் என்றார். வீட்டு நிலைமை அவர் காதுக்குப் போயிருக்கிறது என்று எனக்கு விளங்கியது. தேத்தண்ணி குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உழைச்ச காசை ஏன் விடவேணும் மச்சான்? வெள்ளைக்காரன் எண்டால் ஏமாத்த மாட்டானோ?"

அவள் குறுக்கே விழுந்தாள். "மனிசன் அந்த அறைக்குள்ள கிடந்து சாகுறார் அண்ணா. சாப்பிடக்கூட வெளியில வாறதில்லை. ஒரு சதம் போடேல்லை அவங்கள். இதைச் சும்மா விடேலாது."

"வெளிநாட்டுக் கம்பனியை இஞ்ச இருந்துகொண்டு ஒண்டும் செய்யேலாது" என்றேன்.

"கேட்டுப் பாக்காமல் எப்பிடித் தெரியும்?"

அவளுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அது முழுக்க முழுக்க எனக்காக வந்த கோபம். அதற்கு முன்னால் நான் சுருங்கிப்போனேன். சொல்லிவிட்டிருக்கலாம். அண்ணன் முன்னால் வேண்டாம், அவர் போகட்டும் என்று இருந்தேன். அவர் போன பிறகு, இன்றைக்கு வேண்டாம் என்று இருந்தேன்.

ஐந்தாம் மாதமும் ஒன்றும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து, தன்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தகப்பன், சம்பளம் தராத கம்பனிகளை விசாரிக்கிற அரசாங்கத் தொழில் கந்தோரில் இருக்கிறார் என்றும், அடுத்த கிழமை செவ்வாய் காலையில் எங்களை வரச் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னாள். முறைப்பாட்டைத் தானே எழுதுவாளாம். எனக்குக் கிடைத்தது ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் நான் போட்ட திட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு வென்றுவிட்டால் போதும். 'கம்பனி காசு போட்டிட்டான்' என்று சொல்லிவிடலாம், முறைப்பாட்டுக்குத் தேவை இருக்காது, அவள் என்னை நம்பியபடியே இருப்பாள். என்னிடம் மிச்சம் இருந்த முழுவதையும் எடுத்துக்கொண்டு, சுவரில் இருந்த விதிகளுக்கு முதுகைக் காட்டி, என் அளவுக்கு மேல் காசு வைத்து ஆடுகிற மேசை ஒன்றில் போய் இருந்தேன்.

வென்றேன். அதுதான் கொடுமை. சனிக்கிழமை வரை வென்றேன். திங்கள் பின்னேரம் இன்னும் ஒரே ஒரு நல்ல கை வந்தால் போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். வந்தது: கையில் இரண்டு ராஜா. எதிரில் இருந்தவன் தன்னிடம் இருந்த முழுவதையும் நடுவில் தள்ளினான். நானும் தள்ளினேன். சீட்டுகள் திரும்பின. அவனிடம் இரண்டு பத்து. ஐந்து தடவை ஆடினால் நான்கு தடவை நான் வெல்ல வேண்டிய கை அது. இனி நடுவில் ஐந்து சீட்டு விழ வேண்டும், அவற்றில் பத்து வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது கதவில் தட்டினாள். வேலை நேரத்தில் தட்டியதே இல்லை.

"குறை நினைக்காதேங்கோ. ஒரே ஒரு கேள்வி. 'ஊதியம்' எண்டு எழுதவோ, 'சம்பளம்' எண்டு எழுதவோ?"

"சம்பளம் எண்டே எழுதும்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். கடைசிச் சீட்டாகப் பத்து விழுந்தது.

தொழில் கந்தோரில் அந்த அதிகாரி நல்ல மனிதர். எங்களைத் தன் மேசைக்கு முன்னால் இருத்தி, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். மனைவி கடிதத்தைக் கொடுத்தாள். இரண்டு பக்கம். பாலர் வகுப்புப் பலகையில் எழுதுகிற அதே உருண்டை எழுத்து. பகல் இரண்டு மணிக்கு நான் அறைக்குள் போவதையும், சாப்பாட்டை மேசைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதையும், விடுமுறை நாளிலும் பௌர்ணமிப் போயா தினத்திலும் நான் வேலை செய்ததையும் எழுதியிருந்தாள். 'என் கணவர் ஒரு நாளேனும் கடமையில் தவறியவர் அல்லர்' என்று ஒரு வரி இருந்தது. அவர் அதை வாசித்துக்கொண்டிருந்தபோது நான் தலைகீழாக வாசித்தேன்.

"வடிவா எழுதியிருக்கிறா" என்றார் அதிகாரி. "கம்பனிக்குப் பேர் என்ன தம்பி? இதில இல்லை."

"அது இவர்தான் சொல்லவேணும். எனக்கு இங்கிலீஷ் பேர் சரியா வராது" என்றாள் அவள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நியமனக் கடிதம் ஏதும் தந்தவங்களோ? ஈமெயில் எண்டாலும் பரவாயில்லை."

"சொல்லுங்கோவன்" என்று என் முழங்கையில் தொட்டாள்.

ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதை எழுதிக்கொண்டு அனுப்பியிருப்பார், பதில் வராது, காலப்போக்கில் எல்லாரும் மறந்திருப்பார்கள். பெயர்கூட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த இரண்டு பக்கத்துக்கு மேல் ஒரு பொய்ப் பெயரை எழுதவிட என்னால் ஏலவில்லை.

"கம்பனி எண்டு ஒண்டும் இல்லை ஐயா. நான் காசுக்குச் சீட்டு விளையாடினனான். கம்பியூட்டரில."

அவர் பேனையை மூடி வைத்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து அவளிடம் நீட்டி, "இது எங்கட கந்தோர் பாக்கிற விஷயம் இல்லை தங்கச்சி" என்றார், மெதுவாக. அவள் எழும்பினாள். கதிரையை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டாள். "நன்றி ஐயா" என்றாள்.

பஸ் நிலையத்தைத் தாண்டி நடந்தே வந்தோம். டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று குப்பைத் தொட்டியடியில் நின்று கடதாசி தின்றுகொண்டிருந்தது. அவள் சுற்றிக்கொண்டு நடந்தாள். தபால் கந்தோரடியில் வரும்போதுதான் கதைத்தாள்.

"முந்தி வந்த காசு?"

"அதுவும் அதுதான்."

"ஃபிரிட்ஜ் வாங்கின காசு?"

"ஓம்."

கொஞ்ச தூரம் நடந்தாள். "அம்மான்ர கண் ஒப்பரேசன்?"

"ஓம்."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு நின்றபோது அவளுடைய போன் அடித்தது. அண்ணன்தான். போன காரியம் என்ன ஆனதென்று கேட்க எடுத்திருக்கிறார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே கதைத்தாள்.

"கம்பனியை மூடிட்டாங்களாம் அண்ணா. ஓம், லண்டனில. கன பேர் வந்து முறைப்பாடு குடுத்திருக்கினமாம். வெளிநாடு எண்டபடியால் இஞ்ச ஒண்டும் செய்யேலாதாம். அந்த ஐயா சரியாக் கவலைப்பட்டவர்."

மறுபக்கம் அவர் கம்பனிக்காரனைத் திட்டுவது எனக்கே கேட்டது. இவள் சிரித்தாள். "விடுங்கோ அண்ணா, இவருக்கு வேற வேலை கிடைக்கும்" என்றாள். தன் தாயின் கண்ணுக்கு மருந்து விடுகிறார்களா என்று விசாரித்தாள். குரல் எங்கும் இடறவில்லை, கண் ஒரு தடவையும் என்னை விட்டு விலகவில்லை. எங்களுக்குக் கலியாணமாகி நான்கு வருடம்; அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல். எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த என்னால், அந்த முகத்திலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

போனை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனி ஆர் கேட்டாலும் நீங்களும் இதையே சொல்லுங்கோ."

அப்படித்தான் சொல்லி வருகிறேன்.