அக்காவைப் பற்றி எழுதியபோது

சபையாரே, என் ஜெபத்துக்கு வந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டுத் தென்காசியில் வீட்டோடு இருந்தேன். சென்னையில் சமூக சேவை மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கியிருந்தேன். யாருக்காக உழைக்க விரும்புகிறாய், ஏன் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். கிராமத்துப் பெண்களின் படிப்பு என்று எழுதினேன். கிழித்தேன். அனாதைப் பிள்ளைகள் என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். ஒரு வரியிலும் உண்மை இல்லை. இடம் கிடைக்காவிட்டால் அப்பா பார்த்து வைத்திருந்த சுரண்டைக்கார மாப்பிள்ளைதான். மூன்று நாள் உபவாசமிருந்து, எதை எழுத என்று காட்டும் ஆண்டவரே என்று அழுதேன்.

நான்காம் நாள், கூடப் படித்தவர்கள் குற்றாலத்துக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சாரல். அருவிக்குப் போகிற வழியில் குஷ்டரோகிகள் தகரக் குவளையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா கிரேஸ்.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் கன்னத்தில் உணர்ச்சியில்லாத தேமல் வந்தது. அப்பா அவளை வெளியூர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார். நோய் தீர்ந்துவிட்டது, கூட்டிப் போங்கள் என்று கடிதம் வந்தபோது யாரும் போகவில்லை. கிரேஸ் இலங்கையில் டீச்சராக இருக்கிறாள் என்று ஊரில் சொன்னோம். நானும் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். விரல் மழுங்கிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கூட வந்தவுக நிக்காவ. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாத. போ."

நான் போனேன். அருவியில் குளிக்கவும் செய்தேன்.

மறுநாள் தனியாகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ. செத்துப் போயிட்டாள்னு மட்டும் எழுதிராத."

அப்படியே எழுதினேன். நாங்கள் சொன்ன பொய்யையும் எழுதினேன். அப்பா படித்துவிட்டு, "இதைத் தபால்ல போட்டேன்னா எனக்கு ரெண்டு மகளும் இல்லை" என்றார். போட்டேன். இடம் கிடைத்தது. அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இன்று இந்த நோய் கண்டவர்களுக்காகவே வேலை செய்கிறேன். அக்கா என்னோடு இருக்கிறாள். ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் அந்த ஏழு வருஷத்தை அவள் எனக்கு மன்னித்தாளா என்று இன்னும் கேட்கத் துணியவில்லை.

நீங்களும் கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டும்போது முகத்தைத் திருப்பாதீர்கள்.

அக்கா இன்று கோயிலுக்கு வந்திருக்கிறாள். கடைசி பெஞ்சில் அவள் மட்டும்தான் இருக்கிறாள். நம்புகிறவர்கள் அவள் பக்கத்தில் வந்து உட்காரலாம்.