யார் போட்ட எரு

அம்மாவும் சின்னம்மாவும் பேச்சை முறித்து இரண்டு மாரி ஆகியிருந்தது. நாவற்குடாவில் வாவியோரமாக இருந்த மணற்காணியை இரண்டு பெண்களுக்கும் சேர்த்துச் சீதனமாகக் கொடுத்தவர்கள், எந்தப் பாதி யாருக்கு என்று சொல்லாமல் விட்டதுதான் வினை. தெருப்பக்கத்தை இருவருமே கேட்டார்கள். வாவிப்பக்கத்து உப்பு மணலை இருவருமே வேண்டாம் என்றார்கள்.

முதல் மாரிக்குச் சின்னம்மா முந்திக்கொண்டாள். வீம்புக்கென்றே காணி நெடுக அகல அகலமாக வரிசை பிடித்துத் துவரை ஊன்றிவிட்டாள். அது ஆளுயரத்துக்குப் புதராகி நின்றது. அம்மா மட்டும் விடுவாளா? அடுத்த மாரிக்கு அந்த வரிசைகளின் இடைவெளியிலெல்லாம் மாட்டுத் தீனிக்கென்று இறுங்குச் சோளம் விதைத்தாள். துவரை எட்டாத ஒரு மூலையிலும் மிச்ச விதையைத் தூவினாள்.

உண்மையில் அம்மாவுக்கு வீம்பைவிடப் பயம்தான் பெரிது. யுத்த காலம், கடைகளில் புண்ணாக்கு இல்லை. எங்கள் சிவலைப் பசு எலும்பெடுத்து நின்றது. இறுங்கும் ஏமாற்றினால் பசுவை ஏறாவூர் வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா முடிவே செய்துவிட்டார். நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மாரி ஓய்ந்த ஒரு காலையில் காணிக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மூலையிலிருந்த இறுங்கு முழங்காலளவில் மஞ்சளித்துக் கிடந்தது. துவரை வரிசைகளின் நடுவிலோ அது என் தலைக்கு மேலே போய், கருகருவென்று இலை வீசி நின்றது. அதே விதை, அதே மழை. காலடியில் துவரைச் சருகு மெத்தென்று கிடந்தது. விலக்கிப் பார்த்தால் எங்கள் வெள்ளை மணல் கறுத்துப் போயிருந்தது. கோயிலுக்குள் வந்துவிட்டதுபோல் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

அம்மாவும் வந்து பார்த்தாள். ஒவ்வொரு இலையாகத் தடவினாள்.

“உன்ட சின்னம்மா களவா எருப் போட்டிரிக்காள் புள்ள. மாடு சாகிறதப் பார்த்துக்கிட்டு இரிக்க அவளுக்கு மனம் வரல்ல” என்றாள். அம்மாவின் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

பசு தப்பியது. அதன் மடியில் மறுபடி பால் ஊறியதும் அம்மா ஒரு செம்பு நிறையக் கறந்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, சின்னம்மா வீட்டுப் படலையைத் திறந்தாள்.

“எருப் போட்டத என்னட்டச் சொல்லியிருக்கலாமே புள்ள” என்றாள் அம்மா.

சின்னம்மா திகைத்துப் போனாள். மாடே இல்லாதவள் எருவுக்கு எங்கே போவாள்? அது எனக்கே தெரியும். நான் வாயெடுப்பதற்குள் அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

“உள்ள வாக்கா, வெயிலுக்க நிக்காத” என்று மட்டும் சொன்னாள்.

துவரை வேரிலுள்ள சின்னச் சின்ன முடிச்சுகள் காற்றிலிருந்தே உரம் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும் என்பதை வளர்ந்த பிறகு படித்தேன். அந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. அன்று வீடு திரும்பும்போது, அக்காவும் தங்கையும் அவ்வளவு நேரம் சிரித்துச் சிரித்துப் பேசியிருந்தும், வழியெல்லாம், எனக்குச் சின்னம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. போடாத எருவுக்கு ஒரு செம்புப் பாலை வாங்கிக்கொண்டாளே என்றுதான் நினைத்தேன்.