சுவருக்கு மேல் கேட்ட ஜெபம்

போன வாரம் என் மகள் ஆவி விடுகிற இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கி வந்தாள். சிநேகிதி கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு பருத்தி குர்த்தாவை விரித்துப் பொத்தானை அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நான் கையிலிருந்த காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று எழுந்துவிட்டேன். அவள் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "சுருக்கம் போச்சும்மா. வேற ஒண்ணும் ஆகல" என்றாள்.

ஈரப் பருத்தியில் சூடு படும்போது ஒரு வாசனை வருமே, அரிசி கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி, கூடவே கொஞ்சம் சோப்பு மாதிரி? அதுதான் எனக்கு அப்பாவின் வாசனை. குளித்து, பவுடர் பூசி, கோயிலுக்குக் கிளம்பி நின்றாலும் அது போகாது. திருப்பூரில் மண்ணரைப் பக்கம் ஒரு டையிங்கில், அதாவது துணிக்குச் சாயம் ஏற்றுகிற ஆலையில், அப்பா பாய்லர் பார்த்தார். விறகு தள்ளுவது, ஆவி அழுத்தம் காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று கண் எடுக்காமல் பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. "அவ்வளவுதான்" என்பது அப்பா சொல்வது. அம்மாவுக்கு அது அவ்வளவுதான் இல்லை.

நாங்கள் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடிவந்த முதல் நாள் பக்கத்து வாசல் சரசக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எந்த ஊருங்க?" என்று கேட்டார். அம்மா சொன்னதும் அவர் கண்கள் விரிந்துவிட்டன. "ஏனுங்க, ஏசு சாமி ஊருங்களா? அவ்வளவு தூரத்துலிருந்தா வந்திருக்கீங்க?" அம்மா மறுக்காமல் சிரித்தாள். கொஞ்ச நாள் எங்களுக்கு அந்த லைனில் நல்ல மரியாதை இருந்தது.

அம்மா பயப்படும் ஜாதி. ஆனால் பயத்தைப் பயமாக வைத்துக்கொள்ள மாட்டாள். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அதை நன்றியாக மாற்றி ஆண்டவரிடம் கொடுத்துவிடுவாள். பாயை விரித்து அப்பா, அம்மா, நான், தம்பி நாலு பேரும் முழங்கால் போடுவோம். "ஆண்டவரே, இன்னைக்கும் அவியள பாய்லர்ட்ட இருந்து பத்திரமா கொண்டுவந்து சேத்தீரே, ஸ்தோத்திரம். சின்னவன் ரோடு தாண்டும்போது லாரிக்குத் தப்புவிச்சீரே, ஸ்தோத்திரம். புள்ள கையில ஊசி ஏறாம காத்தீரே, ஸ்தோத்திரம்." எனக்கு அப்போது பதினெட்டு வயது, பனியன் கம்பெனியில் செக்கிங். எங்கள் மேசையில் ஊசியே கிடையாது, துணியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்று பலமுறை சொல்லிவிட்டேன். "மிசினு இருக்குல்லா? ஊசி பறந்து வந்தா?" என்பாள். புதிதாகக் குக்கர் வாங்கியபோது அது வெடிக்காததற்கும் தினமும் ஸ்தோத்திரம். திருப்பூரில் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று அம்மாவின் நன்றிகளைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். முழங்காலில் இருந்தபடியே நான் தூங்கிவிழுந்த நாட்களும் உண்டு. பாதித் தூக்கத்தில் லாரி, பாய்லர், ஊசி என்று கனவு வரும்.

இதெல்லாம் எங்களுக்குள் மட்டும் நடந்ததில்லை. லைன் வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரைக்கும் திறந்த இடம். அந்தப் பக்கம் கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் தும்முவோம். அம்மாவின் ஸ்தோத்திரங்களைச் சரசக்காவும் அவர் வீட்டுக்காரர் முருகேசண்ணனும் தினமும் கேட்டார்கள். அண்ணனும் அப்பாவின் டையிங்கில்தான் வேலை, துணியைச் சாயத்தில் சுழற்றுகிற வின்ச் மிஷினில்.

ஒருநாள் கம்பெனியில் காலை டீ வந்த நேரம். டீ கொண்டுவந்த பெண் தூக்கைக் கீழே வைக்கும்போதே, "டையிங்ல பாய்லர் வெடிச்சிருச்சாமுங்க" என்றார். எந்த டையிங் என்று யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர், "பீஸ முடிச்சிட்டுப் போம்மா" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் அதற்குள் தெருவில் இருந்தேன். ஓடும்போது ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மையில், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். மனசு அப்படித்தான் போல, பெரியதைத் தொட மாட்டேன் என்று சின்னதைப் பிடித்துக்கொள்கிறது.

லைனுக்கும் செய்தி வந்துவிட்டிருந்தது. அம்மா வாசலில் ஒரு கால் செருப்போடு நின்றாள். சரசக்கா மடியில் இருந்த துணிகளைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, இன்னொரு செருப்பைத் தேடி அம்மா காலில் மாட்டிவிட்டு, "வாங்கக்கா, போய்ப் பார்த்துட்டே வந்தரலாம்" என்றார்.

"உங்க வீட்டுக்காரரும் அங்கதானே சரசு" என்றாள் அம்மா.

"அவரு வின்ச்சுலீங்க. பாய்லர் பக்கமே போக மாட்டாருங்க."

ஆலை கேட் மூடியிருந்தது. வெளியே கூட்டம். வாட்ச்மேன் முதலில் "ஒண்ணுமில்லீங்க, போங்க" என்றார். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. கடைசியில் அவர் குரலைத் தாழ்த்தி, "பாய்லர்காரரு வேன்ல போனாருங்க. ஆஸ்பத்திரிக்கு" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியாது. "எங்கூட்டுக்காரரு?" என்று சரசக்கா கேட்டதற்கு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு "உள்ள வேலை நடக்குதுங்க. ஊட்டுக்குப் போங்க, ஆள் விட்டுச் சொல்லுவாங்க" என்றார். அண்ணன் உள்ளே வேலையில் இருக்கிறார் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் எடுத்துக்கொண்டோம்.

சரசக்காவும் நானும் அம்மாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீடு சேர்த்தோம். அதன் பிறகு மத்தியானம் முழுக்கக் காத்திருந்ததை எப்படிச் சொல்ல? அம்மா முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கினாள். பொறுக்கி முடித்த அரிசியையே மறுபடியும் பரப்பிப் பொறுக்கினாள். வெளியில் வண்டிச் சத்தம் கேட்டால் கை நிற்கும். சத்தம் தாண்டிப் போனால் கை ஓடும். எங்கள் அடுப்பைப் பற்றவைத்தது சரசக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தம்பிக்குச் சோறு போட்டதும் அவர்தான். அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "இத்தனை நாள் கும்பிட்டீங்க. உங்க சாமி உட்ற மாட்டாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெயில் தாழ்ந்த பிறகு அப்பா வந்தார். யாருடையதோ பெரிய சட்டை போட்டிருந்தார். லைன் முனையில் திரும்பும்போது அவர் நடையை அம்மாதான் முதலில் கண்டாள். அரிசி முறம் மடியிலிருந்து சரிய எழுந்து, வாய்விட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஸ்தோத்திரம்! என் வீட்டைக் காத்தீரே!" என்று கத்தினாள். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். சரசக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேனுங்கள்ல" என்று சிரித்தார்.

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. நேராகச் சரசக்காவின் முன்னால் வந்து நின்றார். "தங்கச்சி, கெளம்பும்மா. முருகேசன் ஆஸ்பத்திரியில இருக்கான். உசுருக்குப் பயமில்லன்னு சொல்லுதாவ" என்றார்.

வெடித்தது பாய்லர் இல்லை. வின்ச் மிஷினுக்கு ஆவி போகிற குழாயின் இணைப்பு விட்டுப்போய், பக்கத்தில் நின்ற அண்ணனின் இடது கையிலும் மார்பிலும் ஆவி அடித்துவிட்டது. அப்பா ஓடிப்போய் வால்வை மூடி அவரை இழுத்து வெளியே போட்டிருக்கிறார். வேனில் அவரை மடியில் வைத்துக்கொண்டு போனதும், டாக்டர்கள் சொல்லும்வரை அங்கேயே நின்றதும் அப்பாதான்.

அம்மா கட்டிய சேலையோடு சரசக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று பாய் விரிக்கவில்லை. "ஜெபம் இல்லியாப்பா?" என்று தம்பி கேட்டான். "அம்மா வரட்டும்ல" என்றார் அப்பா. அவருடைய உள்ளங்கை கொப்புளித்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்த நாளும் ஜெபம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாயங்காலங்களில் சரசக்கா குளிக்கவும் கஞ்சி வைக்கவும் வீட்டுக்கு வருவார். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்கும். அம்மா பாயை விரிப்பாள், முழங்கால் போடுவாள், வாயைத் திறப்பாள், பேசாமல் எழுந்துவிடுவாள். நான் கேட்டதற்கு ரகசியக் குரலில் சொன்னாள்: "என்னன்னுட்டி சொல்லுவேன்? எங்களைக் காத்தீரேன்னா, அப்ப அவளை? அன்னைக்கு அவ முன்னாலயே கத்திட்டேனே." நன்றி சொல்லாத அம்மாவைப் பார்க்க எனக்கு பாய்லரை விடப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை யாரோ உருவிவிட்டது போல இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். சரசக்கா கஞ்சித் தூக்குப்போசியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் எங்கள் வாசலில் நின்றார்.

"ஏனுங்கக்கா, உங்கூட்டுல ஜெபச் சத்தமே காணோமுங்களே?"

அம்மா அவர் கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கு என்னவோ பண்ணுதுங்க. அங்க ஆஸ்பத்திரியில ஒரே ஓலம், இங்க வந்தா ஒரு சத்தமும் இல்லை. நீங்க செய்யுங்க. எங்கூட்டுக்காரர் பேரையும் ஒரு வார்த்தை சேர்த்திக்கங்க."

"என்ன சொல்லட்டும் சரசு?" என்றாள் அம்மா. அழுதுவிட்டாள்.

சரசக்கா தூக்குப்போசியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். "காத்தால ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாருங்க. அதைச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அம்மா அதைத்தான் சொன்னாள். "ஆண்டவரே, முருகேசன் தம்பி இன்னைக்குக் கஞ்சி குடிச்சாரே, ஸ்தோத்திரம்." மறுநாள் அண்ணன் வலி குறைந்து தூங்கியதற்கு, இன்னொரு நாள் கட்டு மாற்றும்போது புண் சுத்தமாக இருந்ததற்கு. காய்ச்சல் ஏறிய நாட்களில் நன்றி சொல்ல எதுவும் கிடைக்காமல் அம்மா தவித்துப்போவாள். "நர்சம்மா நல்லவங்களா இருக்காவ ஆண்டவரே" என்று எதையாவது தேடிப் பிடிப்பாள். ஒருநாள் ஜெபம் முடியும்போது சுவருக்கு மேலே இருந்து, "ஆமேனுங்க" என்று சரசக்காவின் குரல் வந்தது. தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்பாவின் தோளும் குலுங்கியது. அவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணன் பிழைத்து வந்தார். இடது கை முழுதாக நீளவில்லை, ஆவிச் சத்தம் கேட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். டையிங்குக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. மூலனூர்ப் பக்கம் சரசக்காவின் கூடப்பிறந்தவர் தோட்டத்தில் முருங்கை பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்கள். மினி ஆட்டோவில் சாமான் ஏற்றும்போது சரசக்காவும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவின் ஜெபம் மாறிவிட்டது. நடக்காமல் போன விபத்துகளை விட்டுவிட்டு, வீட்டில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வந்தது, அவிய ரெண்டாம் தரம் சோறு கேட்டாவ, சின்னவன் பாடினான். குக்கரை மட்டும் விடவில்லை.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டு அங்கே ஒரு கம்பெனி எழும்பியிருக்கிறது. நான் அடுக்குமாடியில் இருக்கிறேன். தண்ணீர் வருகிறது, சோறு இருக்கிறது, மகள் சுகமாக இருக்கிறாள். நன்றி சொல்லத்தான் செய்கிறோம். அவரவர் அறையில், அவரவர் மனசுக்குள். சுவர்கள் கூரையைத் தொடுகின்றன. எதிர் வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று தெரியாது.

முந்தாநாள் சாயங்காலம் எங்கள் கட்டடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. நான் பால்கனிக்குப் போவதற்குள் அது கிளம்பிவிட்டது. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், லிஃப்டைக் கொஞ்ச நேரம் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று செய்தி வந்திருந்தது. செய்திக்குக் கீழே நாலைந்து கும்பிடும் கைப் படங்கள். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை.

விளக்குப் போட்டு, முழங்கால் போட்டு, வாயைத் திறந்தேன். யார் பெயரைச் சொல்வது என்று தெரியவில்லை.