நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிற வேலை. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு போகிறவர்களையும் உள்ளே இழுத்து, கையில் ஒரு பையைக் கொடுத்துத்தான் அனுப்புவார். அந்த வாயால் கடைக்காரருக்கு லாபம். கட்டிக்கொண்ட எனக்குத்தான் பெரும்பாடு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை. நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்பது சொல்வார். கடைசியில் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும்.

கூட்டாளிகளோடு சேர்ந்து வலி மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்கிறார் என்று தெரிந்தபோதும் அப்படித்தான். கையிலிருந்த தழும்பைக் காட்டிக் கேட்டேன். துணிப் பெட்டியின் கம்பி கிழித்தது என்றார். மறுநாள் வேறு கதை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விளாங்குடி வீட்டைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாடிப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகுதான் அவருக்குப் புத்தி வந்து, கோரிப்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிகிச்சை மையத்துக்குப் போகத் தொடங்கினார். தினமும் போன் பண்ணி, "விட்டுட்டேன், சத்தியமா விட்டுட்டேன், வந்துரு" என்பார். அவர் செய்யும் சத்தியத்துக்கெல்லாம் பலன் உண்டென்றால் எங்கள் குலமே இருந்திருக்காது. நான் போகவில்லை.

ஒருநாள் காலையில் வேறு ராகத்தில் பேசினார். "இங்க ஃப்ரீயா ரத்தம் பாக்குறாங்க. உனக்குத்தான் இரும்புச்சத்து கம்மில்ல, வந்து ஒரு டெஸ்ட் எடுத்துட்டுப் போ."

தலைசுற்றல் எனக்கு இருந்தது உண்மைதான். போனேன். அங்கே ஆலோசகர் அம்மா ஒருவர் கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரவைத்தார். இரும்புச்சத்து என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அவரு உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்னுல்லம்மா சொன்னாரு. நாங்க பேசுறதுக்கும் சம்மதம் குடுத்திருக்காரு. ஊசிய மாத்தி மாத்திப் போட்டதுல அவருக்கு ஹெபடைடிஸ் சி இருக்கு. எச்.ஐ.வி. இல்ல. ஈரலைப் பாதிக்கிற கிருமி, ஆனா மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டா பெரும்பாலும் போயிரும். உங்களுக்கும் ரெண்டையும் பாத்துரலாமான்னு கேக்கத்தான் வரச் சொன்னோம். இஷ்டம் இருந்தா மட்டும்."

எனக்குள் பயம் பாதி, ஆத்திரம் பாதி. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, முடிவு வருவதற்குள் அந்த மனுஷனை ஒரு கை பார்த்துவிடலாம் என்று எழுந்தேன். நடையில் ஒருவர் பழைய ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் புது ஊசிகளை வாங்கிக்கொண்டிருந்தார். என் முறைப்பைப் பார்த்து ஆலோசகர், "இன்னும் விட முடியாதவங்கம்மா. அடுத்தவன் ஊசியத் தொடாம இருக்கட்டும்னு குடுக்குறோம்" என்றார். வேறொரு நாளாக இருந்தால் அதற்கும் சண்டை போட்டிருப்பேன். அப்படி ஒரு புது ஊசி என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கே கிடைத்திருந்தால் நான் இப்படிப் பயந்துகொண்டு நிற்க வேண்டியதில்லையே என்றுதான் அப்போது தோன்றியது.

மருந்து கொடுக்கும் அறையில் நீள பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இவர். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது, வாய் திறக்கவில்லை.

"இரும்புச்சத்தா? என்ன இரும்புச்சத்து? பேசுங்க! வாயில என்ன கொழுக்கட்டையா?"

சிஸ்டர் ஓடிவந்தார். "அக்கா, நாக்குக்கு அடியில மாத்திரையப் பொடிச்சு வச்சிருக்கேன். ஊசி கேக்குற உடம்ப அடக்குற மருந்து. கரையிற வரைக்கும் பேசக் கூடாது. முழுங்கிட்டா வீணாப்போயிரும். கேக்குறத அப்புறம் கேளுங்க."

அப்புறமா? இந்த வாய் மூடியிருக்கும் ஒரு நேரத்துக்காகத்தானே நான் கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தேன்! முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தேன். கம்பி கிழித்த கதை, ராத்திரி வீட்டுக்கு வராததற்குச் சாக்காகக் கூட்டாளியின் அப்பாவைப் பல தடவை சாகடித்த கதை, எல்லாம் வந்தது. "எங்கம்மா போட்ட கொலுச பாலீஷ் போடக் குடுத்தேன்னீங்களே, ரெண்டு தீபாவளி போயிருச்சு. இன்னுமா பாலீஷ் போடுறாங்கே? நீங்களே சொல்லுங்கண்ணே, அது என்ன கொலுசா, கோயில் தேரா?"

பெஞ்சு முழுக்கக் குலுங்கியது. உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரித்தார்கள். ஒருவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அக்கா, அவங்களச் சிரிக்க வைக்காதீங்க, மருந்து உள்ள போயிரும்" என்று சிஸ்டர் என்னைக் கெஞ்சினார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"இரும்புச்சத்துன்னு சொன்னது பொய்யா, இல்லையா?"

பெஞ்சே தலையாட்டியது. என் வீட்டுக்காரரும் ஆட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரிடம் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வாங்க முடிகிற ஒரே இடம் இதுதான். என் குரல் தானாக இறங்கியது.

"எனக்கும் வந்துருக்குமோன்னு பயந்தீங்களா?"

ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

"நான் திரும்பி வந்தா, மறுபடி ஊசியத் தொடவே மாட்டீங்கள்ல?"

வாய் திறந்திருந்தால் அம்மன் தொடங்கி அம்புட்டு சாமியையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார். இப்போது அவர் தலை அசையவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், தெரியவில்லை என்று. விரித்த கையாலேயே அந்த அறையை, சிஸ்டரை, தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார். தினம் வருவேன், அது மட்டும்தான் என்னால் முடியும் என்று எனக்குப் புரிந்தது. பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியாக இருந்தது.

சிஸ்டர் ஒவ்வொருவர் நாக்கையும் தூக்கச் சொல்லிப் பார்த்து விடுவித்தார். ஓரத்தில் இருந்த தாடி வைத்த பாய்தான் முதலில் பேசினார். "தங்கச்சி, எல்லாத்தையும் மன்னிச்சுரு. அந்தக் கொலுச மட்டும் விட்றாத!" அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

ஆலோசகர் கூப்பிட்டார். எனக்கு இரண்டும் இல்லை. சில மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வெளியே வந்து இவரிடம் சொன்னதும், சந்து என்றும் பாராமல் சுவரில் சாய்ந்து அழுதார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

ஸ்டாப்புக்கு நடந்தோம், வாடிப்பட்டி பஸ் வந்தது. விளாங்குடி வழியாகப் போகிற பஸ்தான். இரண்டு பேரும் ஏறினோம். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். இவர் தனக்கு மட்டும் ஒரு விளாங்குடி வாங்கிக்கொண்டு, எனக்கு எந்த ஊர் என்று கேட்கக்கூடத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கும் வெளாங்குடிதாண்ணே" என்றேன்.