கேட்டில் தொங்கிய பீங்கான் பலகை

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், புதிதாக உருவான ஒரு நகரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். மொத்தம் அறுபது வீடுகள் இருக்கும். நான் பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வருடம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை எல்லாப் பதவியிலும் ஆண்கள்தான். "பொம்பளை, நாலு பேர்கிட்ட கண்டிப்பா பேச முடியுமா?" என்று யாரோ கேட்டதாக என் காதுக்கு வந்தது. பேசிக் காட்டிவிட வேண்டும் என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

அப்போது எங்கள் நகரில் பெரிய தலைவலியே பலகைகள்தான். ஒரு கேட்டில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், இன்னொன்றில் ஜாக்கெட் தைத்துத் தரப்படும், அடுத்ததில் கம்ப்யூட்டர் கிளாஸ். காம்பவுண்டுச் சுவர்களில் சிமென்ட் விளம்பரம் வேறு. கூட்டம் போட்டுப் பேசி, வீட்டுக்காரர் பெயர்ப் பலகை தவிர வாசலில் வேறு எதுவும் மாட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். நோட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நானே போனேன். முணுமுணுத்தாலும் எல்லோரும் கழற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தியவர் மட்டும் என்னை நிறுத்திக் கேட்டார்.

"மூணாவது தெருவுல அந்தம்மா போர்டு மட்டும் தொங்குதே, டீச்சர். அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

சுருக்கென்றது. அங்கிருந்து நேராக மூன்றாவது தெருவுக்குப் போனேன்.

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது. எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அவர் கேட்டில் இருந்தது வெள்ளைப் பீங்கான் பலகை. அவரே நீல எழுத்தில் எழுதி, கம்பெனிச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்தது. 'எனக்குக் காது கேட்காது. கூப்பிட வேண்டாம். கேட்டைத் திறந்து உள்ளே வந்து ஜன்னல் கயிற்றை இழுக்கவும்' என்று இருக்கும். கயிற்றை இழுத்தால் வீட்டுக்குள் மேலே கட்டியிருக்கும் சிவப்புத் துணி ஆடும். அதைப் பார்த்து எழுந்து வருவார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"கழட்டணுமா டீச்சர்?" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார். "எனக்குக் காது கேக்காதுங்களே."

"நம்ம நகர்ல அது யாருக்குங்க தெரியாது? கயிறு இருக்கறதும் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணுன்னு நான் நடந்துக்க முடியாதுங்க."

என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. நான் நோட்டைப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன். என் முகம் கீழே குனிந்த பிறகு அவருக்குப் பேச்சைத் தொடர வழியில்லை. கம்பியை அவிழ்த்து, பலகையை முந்தானையால் துடைத்து உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நான் நோட்டில் டிக் அடித்தேன். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். சித்திரை வெயில். ஒரு நாள் காலையில் தெருவே அதிரும்படி ஒரு அழுகைச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், மூன்றாவது தெருவில் அந்தப் பெண்மணி கேட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருக்கிறார். பக்கத்தில் பைக்கோடு அவருடைய தம்பி. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அவர் அம்மா முந்தின நாள் காலையிலேயே இறந்துவிட்டார். சாயங்காலம் எடுத்தும் விட்டார்கள். மகளுக்குத் தெரிந்தது மறுநாள்தான்.

தகவல் ஏன் வரவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள் எங்கள் நகர்ப் பெண்கள் இரண்டு பேரோடு பஸ் ஏறித் துக்கம் விசாரிக்கப் போனேன். அங்கே பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், எந்த ஊரில் இருந்து வருகிறோம் என்று கேட்டுவிட்டு, தானாகவே பேச ஆரம்பித்தார்.

"உங்க நகருக்கு அன்னிக்கு நான்தாம்மா சேதி சொல்ல வந்தேன். தம்பிக்காரன் இங்க காரியத்த வுட்டுட்டு நகர முடியல. மூணாவது தெரு, கேட்டுல வெள்ளப் பீங்கான்ல போர்டு இருக்கும், அதுல எழுதியிருக்கற மாதிரி செய்யின்னு சொல்லி அனுப்புனான். போர்டு இருக்கற வூட்டத் தேடித் தேடி அலைஞ்சேன். ஒரு வூட்டுலயும் அந்த மாதிரி போர்டே இல்ல. பாதி வூடு பூட்டிக் கெடக்குது. ஒரு வூட்டுல கேட்டா, நாங்க குடிவந்து ஒரு வாரந்தான் ஆவுதுன்னாங்க. காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாது, தெறந்திருந்த கேட்டுல எல்லாம் நின்னு கூப்புட்டேன். யாரும் வரல. கம்பெனிக்குப் போனா அன்னிக்குன்னு லீவு. வெயிலு ஏறிப் போச்சு. ஆளு இல்லன்னு வந்து சொல்லிட்டேன். அதுக்கு மேல எப்படி வெச்சிருக்கறது?"

அந்தப் பெரியவர் கூப்பிட்ட கேட்டுகளில் ஒன்று நிச்சயம் அந்த வீட்டுடையது. உள்ளே அந்தப் பெண்மணி சமைத்துக்கொண்டோ, படுத்துக்கொண்டோ இருந்திருப்பார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தப் பெண்மணி வாசல் வரை வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் அசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "என்னாலதாங்க. நான்தான் கழட்டச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் திரும்ப மாட்டிடுங்க. யார் கேட்டாலும் நான் பதில் சொல்றேன்."

அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இனிமே எதுக்கு டீச்சர்? தெருக்காரங்களுக்கா நான் அத மாட்டுனேன்? அம்மாவுக்கு ஒண்ணுன்னா ஊர்லேருந்து எவனாச்சும் புது ஆளு வந்தாலும் என்னக் கூப்புடத் தெரியணும்னு மாட்டுனேன். அம்மா போயிட்டாங்க. மூஞ்சியக்கூடப் பாக்கல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கூட வந்தவர்கள் ஏதேதோ பேசினார்கள். ஒன்றும் என் மனதில் ஏறவில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லி, விதியை மாற்றச் சொன்னேன். கம்ப்யூட்டர் கிளாஸ்காரர்தான் முதலில் கையைத் தூக்கினார். மாற்றினார்கள். வருடம் முடிந்ததும் பதவியில் இருந்து விலகிக்கொண்டேன். அந்தப் பெண்மணி என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார். ஆனால் அந்தப் பலகையை மட்டும் கடைசி வரை அவர் மாட்டவே இல்லை.

இதை யாருக்காக மாட்டியிருக்கிறீர்கள் என்று அன்று நோட்டில் இருந்து முகத்தை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் சொல்லியிருப்பார், நானும் புரிந்துகொண்டிருப்பேன். கேட்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதுதான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.