நார்சிசாவைக் காப்பாற்றிய துரு

குவாயாகில் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் வாழைப்பழக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒரே பெண் நார்சிசா கிமி. சேர்ந்த புதிதில் அவள் வண்டி வரும் சத்தம் கேட்டாலே நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். மேலாளர் அபெலார்தோவுக்கு வேகமாக ஓட்டுகிறவர்கள்மேல் தனிப் பாசம். பாதுகாப்பின் மேலும் பாசம்தான். அதைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்து, அதற்குமேல் தொந்தரவு செய்யாமல் விட்டிருந்தார்.

ஒருநாள் வெளிநாட்டு வியாபாரிகள் படம் எடுக்க வந்தார்கள். அன்று மட்டும் எல்லோரும் சீட் பெல்ட் போட வேண்டும் என்று உத்தரவு. படம் எடுத்து முடிந்ததும் நார்சிசா பெல்ட்டைக் கழற்றப் பார்த்தாள். பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. திட்டிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாள்.

சுமையை உயரத் தூக்கியபடியே வளைவில் திரும்பினாள். வண்டி சாய்ந்தது. அவள் வெளியே குதிக்க எம்பினாள்; பெல்ட் விடவில்லை. வண்டியின் கூரைக் கம்பி தரையில் மோதிச் சிமெண்டைப் பெயர்த்தது.

அபெலார்தோ ஓடிவந்தார். "என்னம்மா, பழத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்த நார்சிசா சொன்னாள்: "கொஞ்சம் நசுங்கிருச்சுங்கய்யா. நான் நல்லாருக்கேன், கேட்டதுக்கு நன்றி."

குலை வெட்டும் கத்தியால் பெல்ட்டை அறுத்து அவளை இறக்கினோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கம்பி விழுந்த இடத்தப் பாத்தியா? அங்கதான் குதிக்கப் போனேன்."

அடுத்த வாரமே புது பெல்ட் கேட்டு வாங்கினாள். அதன்பின் சுமையைத் தரையோடு தாழ்த்தி ஓட்டினாள். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடித்தாள்.

இன்னொரு ஓட்டுநரான ஃபாஸ்டோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னக்கா, சவ ஊர்வலமா?"

"உன்னோடதா ஆயிரக் கூடாதேன்னுதான்டா மெதுவாப் போறேன்."

ஆண்டு விழாவுக்கு, 'பாதுகாப்பே முதல்' என்று எழுதிய துணியை உத்தரத்தில் கட்ட அபெலார்தோ ஆசைப்பட்டார். நார்சிசாவின் வண்டியின் முன்னால் நீட்டியிருந்த இரும்புக் கொம்புகளில் ஏறி நின்றார்.

"தூக்கும்மா."

"ஆள ஏத்த மாட்டேங்கய்யா." சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஃபாஸ்டோ தன் வண்டியில் அவரை ஏற்றித் தூக்கினான். ஒரு குலுக்கல், மேலாளரின் கால் நழுவியது. அவர் உத்தரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். 'முதல்' மட்டும் அவர் தலைமேல் போர்த்திக் கிடந்தது.

"யாரும் கீழ நிக்காதீங்க. ஃபாஸ்டோ, வண்டிய அசைக்காத," என்று கத்திவிட்டு, எங்களை அழைத்துப்போய் நீண்ட ஏணியைக் கொண்டுவந்து சாத்தினாள் நார்சிசா. அவர் ஒவ்வொரு படியாக, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார்.

விழாவில், விபத்தே இல்லாமல் கிடங்கை நடத்தியதற்காக அபெலார்தோவுக்குக் கேடயம் தந்தார்கள். மேடையில் கண்கலங்கினார். ஏணிக்காக நார்சிசாவுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. அதில் கம்பெனியின் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள்.

அவள் அதை மாட்டிக்கொண்டு, "எப்படி இருக்கேன்?" என்றாள்.

"முதலாளி மாதிரி," என்றேன்.

"அப்ப வா, முதலாளிக்கு மீன் சூப்பு நீ வாங்கிக் குடு."