நடுக் கட்டில்

இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் வெட்டிப் போட்ட புளியமரங்களைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் முகம் கொடுத்துப் பேசுவது இன்னும் ஆரம்பமாகவில்லை. அப்படிப்பட்ட ஒரு சமயத்தில்தான் எட்டுப் பேர் தங்குவதற்கு ஒரு கடற்கரை ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடலை நான் பார்த்ததில்லை. ஓட்டல் என்றால் எனக்குத் தெரிந்தது கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே பரோட்டா கொத்தும் சத்தம்.

பி.ஏ. முடித்துவிட்டு நான் அங்கே ஒரு உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சில் எழுதியிருக்கும் எதற்கும் கட்டுப்பட்டு நடப்பேன். பூச்சிமருந்து பாட்டிலில் ‘நன்றாகக் குலுக்கவும்’ என்று போட்டிருந்தால் விற்கும்போதே நான் குலுக்கிக் கொடுப்பேன். வாங்குகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

பூச்சிமருந்து கம்பெனி ஒன்று, நன்றாக விற்றுக் கொடுத்த கடைக்காரர்கள் எட்டுப் பேரை அந்தமானுக்குக் கூட்டிப் போவதாக அறிவித்தது. மூன்று ஓட்டல்களின் படங்கள் வந்தன. எட்டுப் பேரும் ஒரே ஓட்டலைச் சொல்ல வேண்டும். ஒத்துவராவிட்டால் சுற்றுலா சேலத்துப் பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் போய்விடும். படங்களுக்குக் கீழே எல்லாமே இங்கிலீஷ்.

“நீ படிச்சு எல்லாருக்கும் சொல்லுப்பா” என்றார் அந்த எட்டுப் பேரில் ஒருவரான என் முதலாளி. “எட்டுப் பேரையும் ஒரே ஓட்டலுக்குத் தலையாட்ட வச்சிட்டன்னா உன்னையும் ஏத்திக்கச் சொல்றேன். பாக்கலாம்.”

அவர் ‘பாக்கலாம்’ என்று சொன்ன காரியங்களில் பாதி நடந்திருக்கிறது. எந்தப் பாதி என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல். இதை நான் அம்மாவிடம் விளக்கியிருக்க வேண்டும். விளக்குவதற்குள் அம்மா குழாயடிக்குப் போய்விட்டார்.

“எம்புள்ள ஏரோப்ளான்ல கடலுக்கு நடுவுல போறான்.”

“நடுவுலன்னா எதும்மேல நிக்கும்?” என்று கேட்டாராம் பக்கத்து வீட்டுக்காரம்மா.

“அதெல்லாம் அவன் படிச்சவன், பாத்துக்குவான். வந்து கடல் எப்படி இருந்துச்சுன்னு சொல்லுவான். அப்பக் கேட்டுக்கோ.”

இனி நான் போகாவிட்டால் அந்தக் குழாயைத் தாண்டி வேலைக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது.

கூட்டம் எங்கள் கடை மாடிக் கிடங்கில் நடந்தது. அன்றைக்கும் ஏதோ கடையடைப்பு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எட்டுப் பேரும் யூரியா மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். நான் முதல் படத்தைக் காட்டினேன். மணலில் வரிசையாகக் கூரை வேய்ந்த சின்னச் சின்ன வீடுகள்.

“இன்னாப்பா இது, கூரை வூடு?” என்றார் முதலாளி.

“காட்டேஜ்ங்க. மூணு ஓட்டல்ல இதுக்குத்தான் வாடகை ஜாஸ்தி.”

“கூரையப் பிரிச்சுட்டு மாடி வூடு கட்டணும்னு எங்கப்பாரு சாவற வரைக்கும் பாடுபட்டாரு. நான் ஏரோப்ளான் ஏறிப் போயி மறுபடியும் கூரைக்குள்ள படுக்கணுமா? அத எடுத்துக் கீழ வை.”

இரண்டாவது படத்தில் பெரிய கட்டடம். அதன் முன்னால் நீச்சல் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் கடல். வெள்ளிமலையில் கடை வைத்திருப்பவர் அந்தப் படத்தை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தவர்.

“கடலாண்டயே வூட்டக் கட்டிட்டு எதுக்குத் தனியாத் தொட்டி கட்டியிருக்கான்?”

“கடல் தண்ணி உப்புங்க. இது நல்ல தண்ணி, நீந்தறதுக்கு.”

“மோட்டார் எத்தினி குதிரைசக்தி?”

அது போட்டிருக்கவில்லை. குளத்தின் விளிம்பில் நீச்சல் உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பற்றியும் எதுவும் போட்டிருக்கவில்லை. படம் வெள்ளிமலைக்காரர் கையைவிட்டு நகரவில்லை.

“படம் ஒரே எடத்துல நின்னுக்கினு இருக்குதே” என்றார் பாய். அவர் ஊருக்குள் விதைக்கடை வைத்திருப்பவர். எட்டுப் பேரிலும் வாய் உள்ளவர்.

“தொட்டி எவ்ளோ ஆழம்னு பாத்துக்கினு இருக்கேன், பாய்.”

“பாருங்க, பாருங்க. உள்ள வுழுந்துடாம பாருங்க.”

மூன்றாவது ஓட்டல் ஒரு மேட்டின்மேல் சுண்ணாம்பு அடித்த சாதாரணக் கட்டடம். குளியலறை கூட வராந்தாவின் கடைசியில்தான். அறை ஜன்னலிலிருந்து கடல் தெரியும் என்று மட்டும் போட்டிருந்தது. வெள்ளிமலைக்காரர் உடனே நிமிர்ந்தார். “இதான் சரி. மேட்டுல இருக்குது. மழை பேஞ்சா கடல் பொங்காதா? எங்க ஓடையே பொங்குது.” முதலாளிக்கும் தளம் போட்ட கட்டடம் பிடித்திருந்தது. ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். எனக்கு விமானச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மீதி இருந்தவர்கள் இரண்டே பேர்.

ஒருவர் தியாகதுருகத்துக் கடைக்காரர். மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்தவர். இன்னொருவர் எலவனாசூர்கோட்டைக் கடைக்காரர். அந்த மறியலில் அவருடைய உர லாரி ஒரு புளியமரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது; யூரியா மழையில் நனைந்து, மூட்டையோடு கரைந்து சாலையில் ஓடியது. அதற்கு முன்பு ஒரே மோட்டார் சைக்கிளில் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்கு வந்தவர்கள் இவர்கள். இப்போது நேராகப் பேசுவதில்லை. பேச வேண்டியது இருந்தால் நடுவில் இருக்கும் ஆளிடம் சொல்வார்கள். அன்றைக்கு நடுவில் இருந்தது நான்.

“தம்பி, மூணாவது நல்லாத்தான் இருக்குன்னு அவருகிட்டச் சொல்லு” என்றார் தியாகதுருகத்துக்காரர். அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு மூட்டைதான் இருந்தது.

“அவருக்குப் புடிச்சது எனக்குப் புடிக்காதுன்னு சொல்லு தம்பி. மேட்டுக்குப் போற வழியில மரம் இருக்கும். எவனாச்சும் வெட்டிப் போட்டுடுவான்.”

“ஒரு லாரி உரம் நனைஞ்சதுக்கு இன்னும் ஒப்பாரி வச்சிக்கினு இருக்காரே, எங்க பசங்க படிச்சுட்டு மாடு மேய்க்கறது அவருக்குத் தெரியுமான்னு கேளு.”

நான் கேட்டேன். “அவங்க பசங்க படிச்சுட்டு மாடு மேய்க்கறது உங்களுக்குத் தெரியுமாங்க?”

“எனக்குக் காது கேக்குதுப்பா” என்றார் எலவனாசூர்கோட்டைக்காரர்.

இந்த நேரத்தில் கம்பெனிக்காரர் கடையடைப்புக்குப் பயந்து வயல் வழியாக ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வந்தவர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். நான்கு அறைதான், அறைக்கு இரண்டு பேர் என்றார். ஆறு பேர் கண்ணாலேயே பேசி மூன்று ஜோடி ஆகிவிட்டார்கள். மிஞ்சியது யார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜோடியை மாற்றிக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். யாரும் அசையவில்லை. அந்தக் காலத்தில் இவர்களில் ஒருவரோடு ஒரே அறையில் படுத்தால், நீ அவர் பக்கமா என்று மற்றவர் கேட்பார். இருவருமே எல்லாரிடமும் சரக்கு மாற்றிக்கொள்கிறவர்கள். யாரைப் பகைக்க முடியும்?

“அப்ப சேலத்துக்காரங்களுக்கே குடுத்துடட்டுமா?” என்றார் கம்பெனிக்காரர்.

எனக்குக் குழாயடி கண்முன்னே வந்தது. அப்போது பாய் சொன்னார்: “இதுக்குப் போயி இன்னா பெரிய யோசனை? நடுவுல ஒரு கட்டிலப் போட்டு இந்தப் பையனப் படுக்க வையுங்க. இங்க பேசறத அங்க சொல்லுவான், அங்க பேசறத இங்க சொல்லுவான். இப்ப செய்யறதத்தான செய்யப் போறான்.”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏம்பா, உங்க ஆளுங்க இதுல எந்தப் பக்கம்?” என்று கேட்டார் தியாகதுருகத்துக்காரர்.

“எங்க ஊர்ல எங்க ஆளுங்க ரெண்டே வூடுங்க.”

“அப்ப சரி” என்றார் அவர். எலவனாசூர்கோட்டைக்காரரும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி தலையாட்டினார். எங்கள் ஆட்களின் எண்ணிக்கையை ஒரு தகுதியாக யாரும் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. “உனக்குன்னு ஒரு எடம் ஒதுக்கியாச்சு, போ” என்று பாய் என் முதுகில் தட்டினார்.

மூன்று கட்டில் போடுகிற அறை எங்கே இருக்கிறதோ அதுதான் ஓட்டல் என்று முடிவானது. முதல் இரண்டிலும் இரண்டு கட்டிலுக்கு மேல் கிடையாது என்று கம்பெனிக்காரருக்கே தெரிந்திருந்தது. மூன்றாவதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். மறுநாள் தபாலாபீசில் ட்ரங்க் கால் பதிந்துவிட்டு, சொல்ல வேண்டிய இங்கிலீஷைப் பெஞ்சில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பாய் துணைக்கு வந்திருந்தார். மணியார்டர் கட்ட வந்தவர்கள் வேலை முடிந்தும் போகாமல் நின்றார்கள்.

கால் கிடைத்தது. “குட் மார்னிங் சார், ஐ ஆம் ஸ்பீக்கிங் ஃப்ரம் கள்ளக்குறிச்சி” என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கரகரவென்று இருந்தது. பிறகு, “கள்ளக்குறிச்சியா? கத்தாதீங்க, கேக்குது. நமக்கும் அந்தப் பக்கம்தான். இன்னா வேணும் சொல்லுங்க” என்று ஒரு குரல் வந்தது.

மனப்பாடம் செய்த அத்தனையும் வீணானது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. ஒரே அறையில் மூன்று கட்டில் போட முடியுமா என்று தமிழில் கேட்டேன்.

“போடலாம். ஆனா நடக்க எடம் இருக்காது.”

“நடக்க வேணாங்க. நடுவுல நான் இருந்தா போதும்.”

“நீங்க எதுக்கு நடுவுல?”

அதை ட்ரங்க் காலில் விளக்க முடியாது. ரசம் வைப்பார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். வைப்பார்களாம்.

கிடங்குக்குத் திரும்பி, மறுபடி கூடியிருந்தவர்களிடம் ஓட்டல்காரர் நம் பக்கத்து ஆள் என்று நான் சொன்னதும் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. அந்த வருஷங்களில் எதற்கும் அடுத்த கேள்வி அதுதான்.

“இன்னா ஆளுங்கன்னு கேட்டியா?”

நான் கேட்கவில்லை. மறுபடி கால் போடச் சொல்வார்களோ என்று எனக்கு வியர்த்தது. நல்ல வேளையாக எலவனாசூர்கோட்டைக்காரர், “அந்தப் பக்கம்னா நம்ம ஆளாத்தான் இருக்கும்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதே நேரத்தில் தியாகதுருகத்துக்காரர் சுவரைப் பார்த்து, “பொழைக்கத் தெரிஞ்சு கடல் தாண்டிப் போயிருக்கான்னா நம்ம ஆளுதான்” என்றார். இருவரும் திருப்தியாகக் கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மை காய்வதற்குள் நான் தாளை வாங்கிக்கொண்டேன்.

விமானத்தில் எனக்கு இருவருக்கும் நடுவில் இடம். அங்கே வந்து ஏற்றிக்கொண்ட வேனிலும் நடுவில்தான். கடல் தெரிந்தபோதெல்லாம் ஒருவருடைய தோளோ இன்னொருவருடைய துண்டோ தெரிந்தது. விமானம் தாமதம். அந்தத் தீவில் சாயங்காலமே இருட்டிவிடுகிறது. ஓட்டலை அடைந்தபோது கடல் வெறும் சத்தமாக இருந்தது.

ஓட்டல்காரரை இருவரும் தனித்தனியாக ஓரம் கட்டி விசாரித்தார்கள். “நான் வந்து ரொம்ப வருஷமாச்சுங்க. மறந்துபோச்சு” என்று இருவருக்கும் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

மாடியில் எங்கள் அறை. அதில் ஜன்னலோரக் கட்டிலை எலவனாசூர்கோட்டைக்காரர் பிடித்துக்கொண்டார். கதவோரம் மற்றவர். நடுவில் நான். விளக்கை அணைத்த பிறகும் வேலை ஓயவில்லை.

“தம்பி, ஃபேனக் கம்மி பண்ணச் சொல்லு.”

“வேர்க்குதுன்னு சொல்லு தம்பி.”

விடிந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எலவனாசூர்கோட்டைக்காரரின் முதுகு தெரிந்தது. இதற்கா அம்மா ஊரைக் கூட்டினார் என்று எழுந்து, சத்தமில்லாமல் தியாகதுருகத்துக்காரரின் காலைத் தாண்டிக் கதவருகே வந்தேன். கதவில் இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: வெளியே போகும்போது அறையைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துச் செல்லவும். நான் வெளியே போனேன். அறையைப் பூட்டினேன். சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்க மேட்டிலிருந்து இறங்கினேன்.

பாதி வழிதான் இறங்கியிருப்பேன். பின்னால் மேட்டிலிருந்து கூச்சல் வந்தது. திரும்பி ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே பாயும் ஓட்டல்காரரும் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு முகங்கள்.

“எல்லாம் உங்களாலதான். இந்தப் பையன நடுவுல போடலாம்னதுக்குத் தலையாட்டுனது நீங்க” என்றது தியாகதுருகத்து முகம்.

“நீங்க ஆட்டலியா? நான் பாக்கும்போதே ஆட்டிக்கினு இருந்தீங்க.”

“ஒன்னுக்குப் போவணும்யா எனக்கு.”

“எனக்கு மட்டும்? இன்னொரு தடவை சேந்து கத்துவோம். ஒண்ணு, ரெண்டு...”

நான் சாவியோடு படியை நோக்கி ஓடினேன். பாய் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“இருடா, இப்பவே தெறக்காத. நல்லாப் பேசிக்கினு இருக்காங்க.”

கதவைத் திறந்தபோது இருவரும் என்னைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் ஓடினார்கள். திரும்பி வந்து சேர்ந்து திட்டினார்கள். அறிவிப்பைக் காட்டினேன். அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று பகல் முழுக்க உர லாரியையும் புளியமரத்தையும் பற்றி நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். சாப்பாட்டு மேசையில்கூட ரசத்தை என் வழியாகக் கேட்காமல் நேராகவே பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கு வேலை போய்விட்டது.

அன்று சாயங்காலம் தியாகதுருகத்துக்காரர் அறைக்குள் வந்ததும் என் கட்டிலைப் பார்த்தார். “இவன் கதவுகிட்டப் படுத்தா மறுபடியும் பூட்டிட்டுப் போயிடுவான். நடுவுலயும் நம்ப முடியாது.”

“ஜன்னலோரம் தள்ளிடுவோம்” என்றார் எலவனாசூர்கோட்டைக்காரர். “அங்க பூட்டறதுக்கு ஒண்ணும் கெடையாது.”

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டில்களை மாற்றிப் போட்டார்கள்.

ஊர் திரும்பியதும் குழாயடியில் அத்தனை குடங்களுக்கும் நடுவில் அம்மா கேட்டார், “கடலப் பாத்தியா?”

“படுத்துக்கினே பாத்தேம்மா.”

அம்மா பக்கத்து வீட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பி, “கேட்டுக்கினியா” என்றார்.